ஒரே ஆல்பம் இரண்டாகத் தெரிந்தால்

வீட்டு ஹை-ஃபைக்குச் சரிவருமா என்று பார்க்க ஒரு இசை நூலக மென்பொருளைச் சோதனைக்குப் போட்டேன். சினிமா ஆல்பங்கள் பாடகர்வாரியாகச் சிதறிக் கிடந்தன. பாட்டுக் கோப்புகளின் விவரங்களைத் திருத்தும் எம்பி3டேக் மென்பொருளில் ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ இடத்தில் இசையமைப்பாளர் பெயரைப் போட்டதும் சேர்ந்தன. தமிழில் பெயரிட்ட சில மட்டும் இரண்டாகவே நின்றன. மறுபடி ஸ்கேன் செய்தும், தரவுத்தளத்தை அழித்துப் புதிதாக உருவாக்கியும் எரிச்சல்தான் மிச்சம்.

அப்புறம்தான் கவனித்தேன்: அடம்பிடித்த பெயர்களில் எல்லாம் ‘கொ’, ‘மோ’ மாதிரி எழுத்துகள். கணினியில் எழுத்துகளைப் பதியும் பொது முறையான யூனிகோடில் ஒகர, ஓகாரக் குறிகளை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. அந்த மென்பொருளுக்கோ இரண்டும் வேறு பெயர். ஒரு பாட்டிலிருந்த ஆல்பம் பெயரை நகலெடுத்து மற்றவற்றில் ஒட்டினேன், சேர்ந்துவிட்டன.

சந்தா கட்டிவிட்டேன். சொந்தக் கோப்புகள் இல்லாமல் ஸ்ட்ரீமிங் மட்டும் கேட்பவருக்கு இது வீண் செலவு; இணையப் பாட்டை ஹை-ஃபைக்குத் தரும் ஸ்ட்ரீமர் கருவியோடு வரும் செயலியே போதும்.