பத்துப் பெரிய கப்பலும் ஒன்பது டிஸ்ட்ரோயரும்: ஹார்ட்ஸ் ஒஃப் அயர்ன் 4 கடற்போரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹார்ட்ஸ் ஒஃப் அயர்ன் 4 என்ற இரண்டாம் உலகப் போர் கணினி கேமை விளையாடுகிற கல்முனைத் தம்பி ஒருவன் தன் சேவ் ஃபைலை எனக்கு அனுப்பியிருந்தான். "அண்ணா, என்னட்ட ஆறு பட்டில்ஷிப், நாலு கேரியர் இருந்திச்சு. அவனிட்ட அதில பாதிகூட இல்ல. பிறகு ஏன் என்ர கப்பல் மட்டும் தாழுது?" என்று கேட்டிருந்தான். திறந்து பார்த்தேன். பட்டில்ஷிப் என்றால் பெரிய பீரங்கிப் போர்க்கப்பல், கேரியர் என்றால் விமானந்தாங்கிக் கப்பல். அந்தப் பத்துப் பெரிய கப்பலையும் சுற்றி நின்றவை ஒன்பதே ஒன்பது டிஸ்ட்ரோயர்கள், அதாவது சின்ன, வேகமான போர்க்கப்பல்கள்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எனக்குத் தெரிந்து இந்த கேமை விளையாடுகிற அநேகமான பொடியன்கள் தரைப்படையில் கெட்டிக்காரர்கள். கடல் என்று வந்ததும் பெரிய கப்பலாகக் கட்டி ஒரே குவியலாக அனுப்பிவிடுகிறார்கள். இந்த கேமில் கடற்படையின் கணக்கைச் சின்னக் கப்பலில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

சண்டை தொடங்கியதும் கப்பல்கள் மூன்று வரிசையாகப் பிரிகின்றன. முன்னால் டிஸ்ட்ரோயரும் லைட் குரூசரும். இவைதான் ஸ்கிரீன், அதாவது காவல் வரிசை. அதற்குப் பின்னால் பட்டில்ஷிப், பட்டில்குரூசர், ஹெவி குரூசர். கடைசியில் கேரியர். பின்னால் நிற்கும் பெரிய கப்பல் ஒவ்வொன்றுக்கும், கேரியரையும் சேர்த்துத்தான், மூன்று ஸ்கிரீன் கப்பல் இருந்தால் முன்வரிசை முழுமையாக அடைபடும். கேரியர் ஒவ்வொன்றுக்கும் நடுவரிசையில் ஒரு பெரிய கப்பலும் வேண்டும். முன்வரிசை முழுதாக இருக்கும்வரை எதிரியின் டோர்பிடோ உங்கள் பட்டில்ஷிப்பைத் தொட முடியாது. ஓட்டை விழுந்தால் நேரே உள்ளே வரும்.

தம்பிக்குத் தேவைப்பட்டது 30 ஸ்கிரீன், இருந்தது 9. சண்டை அறிக்கையைத் திறந்து ஒவ்வொரு கப்பலும் எதனால் மூழ்கியது என்று பார்த்தோம். மூழ்கிய நாலு பட்டில்ஷிப்பும் போனது டோர்பிடோவில். அடித்தவை மலிவான டிஸ்ட்ரோயர்கள். அவனுடைய பெரிய பீரங்கிகளோ ஓடித்திரிகிற அந்தச் சின்னக் கப்பல்களைச் சுட்டுச் சுட்டுத் தவறவிட்டுக்கொண்டிருந்தன. கப்பல் சின்னதாகவும் வேகமாகவும் இருந்தால் கனமான பீரங்கியால் அதைப் பிடிப்பது கஷ்டம்.

அதோடு ஒன்றைக் கவனியுங்கள். சண்டை நீளும்போது முதலில் அடிவாங்குவது முன்வரிசைதான். சரியாக 3 என்று கணக்குப் பார்த்து அனுப்பினால், நாலைந்து டிஸ்ட்ரோயர் தாழ்ந்த உடனேயே ஓட்டை விழுந்துவிடும். நான் எப்போதும் ஒரு பெரிய கப்பலுக்கு 4 என்று வைத்துத்தான் அனுப்புவேன்.

இன்னொரு தவறு கப்பல் வடிவமைக்கும் இடத்தில் நடக்கிறது. 2019இல் வந்த மேன் த கன்ஸ் விரிவாக்கம் இருந்தால் கப்பலை நாமே வடிவமைக்கலாம். குரூசர் ஹல் (கப்பலின் உடல்) ஒன்றுதான், ஆனால் அதில் லைட் பீரங்கி வைத்தால் அது லைட் குரூசர், முன்வரிசைக்குப் போகும். ஒரேயொரு மீடியம் பீரங்கி வைத்தாலும் அது ஹெவி குரூசர் ஆகி நடுவரிசைக்குப் போய்விடும். அந்த ஒன்பது டிஸ்ட்ரோயரோடு தம்பி "ஸ்கிரீன்" என்று எண்ணி வைத்திருந்த மூன்று குரூசரிலும் மீடியம் பீரங்கி இருந்தது. அவை காவல் கொடுக்கவில்லை, தங்களுக்கும் சேர்த்து இன்னும் ஒன்பது காவல் கப்பல் கேட்டன. உண்மையில் அவனுக்கு வேண்டியிருந்தது 39. குரூசருக்கு லைட் பீரங்கியை நிறைய ஏற்றுங்கள். எதிரியின் டிஸ்ட்ரோயர்களை அதுதான் கெதியாக முடிக்கும். அவனுடைய முன்வரிசை கலைந்தால் உங்கள் டோர்பிடோவுக்கு வழி திறக்கும்.

நீர்மூழ்கி ஸ்கிரீனாக எண்ணப்படாது. அதைப் பெரிய படையோடு சேர்க்காமல், எதிரியின் சரக்குக் கப்பல்களை மறிக்கத் தனியாக அனுப்புங்கள்.

அப்புறம் பொசிஷனிங், அதாவது சண்டையில் கப்பல்கள் எவ்வளவு ஒழுங்காக நிற்கின்றன என்ற அளவு. எதிரியைவிட மிக அதிகமான கப்பலோடு போனால் கேம் அதற்குத் தண்டம் போடுகிறது. சண்டை நடுவே துண்டு துண்டாக வந்து சேர்கிற கப்பல்களுக்கும் அதே கதிதான். பொசிஷனிங் விழுந்தால் ஸ்கிரீனிங்கும் சேர்ந்து விழும். ஆகவே சேர்ந்து சண்டையிட வேண்டியவற்றை ஒரே டாஸ்க் ஃபோர்ஸில் (கப்பல் அணியில்) வைத்து ஒன்றாக அனுப்புங்கள். நாலு துறைமுகத்தில் இருந்து நாலு நேரத்தில் வரவைக்காதீர்கள்.

முழுப் படையையும் பட்ரோலில் (ரோந்தில்) விடுவதும் பலர் செய்வது. எண்ணெய் கரைந்துபோகும், கப்பல்கள் களைத்த நிலையில் எதிரியிடம் மாட்டும். பட்ரோலுக்கு இரண்டு மூன்று மலிவான வேகக் கப்பல் போதும், அவற்றை "சண்டையிடாதே" என்ற அமைப்பில் விடுங்கள். பெரிய படை ஸ்ட்ரைக் ஃபோர்ஸாகத் துறைமுகத்தில் காத்திருக்கட்டும். பட்ரோல் எதிரியைக் கண்டால்தான் அது புறப்படும். பட்ரோலே இல்லாமல் ஸ்ட்ரைக் ஃபோர்ஸை மட்டும் வைத்துவிட்டு "கப்பல் அசையுதே இல்லை" என்று கேட்பவர்களும் உண்டு. கண்டு சொல்ல ஆள் இல்லாமல் அது எங்கே போகும்?

கேரியரைப் பற்றிக் கடைசியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதற்கான உதாரணம் எங்கள் கடலிலேயே கிடக்கிறது. மட்டக்களப்புக் கரைக்கு அப்பால், 50 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில், எச்.எம்.எஸ். ஹேர்மிஸ் இருக்கிறது. தொடக்கத்திலிருந்தே கேரியராக வடிவமைத்துக் கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. 1942 ஏப்ரலில், ஜப்பானியத் தாக்குதல் வருகிறது என்று தெரிந்து திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு வெளியேறி இந்தப் பக்கம் வந்தது. தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை. பக்கத்தில் காவலுக்கு வம்பயர் என்ற ஒரேயொரு டிஸ்ட்ரோயர். 9ஆம் திகதி காலை ஜப்பானியக் கேரியர்களில் இருந்து 80க்கும் மேற்பட்ட டைவ் பொம்பர்கள் வந்தன. கரையில் இருந்து கேட்ட விமானப் பாதுகாப்பு நேரத்துக்கு வந்துசேரவில்லை. ஹேர்மிஸ் நிமிடக்கணக்கில் மூழ்கியது, வம்பயரும் போனது. ஹேர்மிஸில் மட்டும் இறந்தவர்கள் 307 பேர். தப்பிய நூற்றுக்கணக்கானவர்களைக் கடலில் இருந்து எடுத்தது வீட்டா என்ற மருத்துவமனைக் கப்பல்.

கல்லடிக் கடற்கரையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த வெறுந்தளம்தான் நினைவுக்கு வரும். கேமிலும் அதே நிலையில் கேரியரை அனுப்புகிறார்கள். கேரியரைக் கட்டினால் விமானம் தானாக வராது. கேரியரில் இறங்கக்கூடிய வகையைத் தனியாக உற்பத்தி செய்து ஏற்ற வேண்டும். கப்பல் கட்டி முடிய நீண்ட காலம் எடுப்பதால், அதைத் தொடங்குகிற அன்றே விமானத்துக்கும் ஒரு தொழிற்சாலை வரிசை ஒதுக்கிவிடுங்கள். ஒரே சண்டையில் நான்கு கேரியருக்கு மேல் சேர்க்காதீர்கள், தாண்டினால் நெரிசலில் எல்லாக் கேரியரின் விமானமும் குறைவாகவே எழும்பும். எதிரியின் விமானத்தளம் எட்டுகிற கடலுக்குள் போகிறீர்கள் என்றால் முதலில் அந்தப் பகுதியின் வான்வரைபடத்தைத் திறந்து பாருங்கள். அங்கே சிவப்பாக இருந்தால், அதாவது வானம் எதிரியின் கையில் இருந்தால், ஃபைட்டர்கள் அந்தக் கடலை எட்டும்வரை படையைத் துறைமுகத்திலேயே வைத்திருங்கள்.

தம்பி இப்போது புதிதாகத் தொடங்கியிருக்கிறான். அவன் கப்பல்தள வரிசையில் முதலில் நிற்பது 24 டிஸ்ட்ரோயர்.