'சித்திக்குத் தெரியவேண்டாம்': புற்றுநோய் வந்த வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

கேரள எல்லையை ஒட்டிய எங்கள் களியக்காவிளைப் பக்கத்தில் ஒருவரைப் பற்றி 'ஆர்.சி.சி.க்குப் போறாங்க' என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. திருவனந்தபுரத்தில் 1981 முதல் இயங்கும் மண்டலப் புற்றுநோய் மையத்தின் பெயரே இங்கே நோயின் பெயராகிவிட்டது. என் சித்தியை அங்கே கூட்டிப்போனபோது 'வயிற்றுப்புண்ணுக்கு நல்ல டாக்டர் இருக்கிறார்' என்றோம். சித்திக்கா புரியாது? பாறசாலை தாண்டும்போதே பேச்சை நிறுத்திவிட்டார்.

நோயை மறைப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். அன்பால்தான் மறைக்கிறோம். நாம் வருந்துவோமே என்று நோயாளியும் தெரியாதவர்போல இருந்துவிடுகிறார். எங்கள் வீட்டில் இரண்டு மாதம் எல்லோரும் தனித்தனியே அழுதோம். உண்மை முழுவதையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. 'டாக்டர் சொன்னதில் எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க?' என்று அவரிடமே கேளுங்கள். இப்போது வேண்டாம் என்றால் சரி, இன்னொரு நாள் கேட்கலாம்.

'பயமா இருக்கு' என்று அவர் வாய் திறக்கும்போதே 'தைரியமா இருக்கணும்' என்று சொல்லிவிடாதீர்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். என்ன பயம் என்று கேளுங்கள். சித்தியின் பயம் சாவைப் பற்றியது அல்ல. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் கரைகிறதே என்பதுதான். சித்தப்பா உட்கார்ந்து கணக்கைக் காட்டினார். அன்று இரவு சித்தி தூங்கினார்.

சிடுசிடுவென்று பேசினால் குணம் மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம். கீமோ என்கிற புற்றுநோய் மருந்துச் சிகிச்சையோடு கொடுக்கும் டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலைக் கூட்டும். டாக்டரிடம் சொல்லுங்கள்.

தட்டு, டம்ளரைத் தனியாக வைக்காதீர்கள். புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் எடுத்தவர்கள் போன்ற சிலரைத்தான் சில நாள் விலகியிருக்கச் சொல்வார்கள். கீமோவுக்குப் பின் சளி, காய்ச்சல் உள்ளவர்கள் கிட்டே போகாமல் இருப்பது நோயாளியைக் காப்பாற்றத்தான். அதை அவரிடம் விளக்கிச் சொல்லுங்கள்.

ஓய்வு கொடுக்கிறோம் என்று வீட்டுப் பொறுப்பு எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வதும் வலிக்கும். 'மீன்குழம்புக்குப் புளி எவ்வளவுன்னாவது என்கிட்ட கேளுங்க' என்றார் சித்தி ஒருநாள். அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல், 'நான் உங்களுக்குப் பாரம்' என்றே பேசினால், இந்த நோயில் இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு. சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் உடனே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம்.

'பாலியேட்டிவ்' என்ற சொல்லைக் கேட்டதும் கடைசிக் கட்டம் என்று பதற வேண்டாம். வலியையும் மனவேதனையையும் குறைக்கும் அந்தப் பராமரிப்பை, நோயைக் குணமாக்கும் சிகிச்சையோடு சேர்த்தே பெறலாம். 2008-லேயே இதற்கென அரசுக் கொள்கை வகுத்த மாநிலம் கேரளம். தயங்காமல் கேளுங்கள்.

கூடவே போய்வரும் ஒருவர் தலையில் எல்லாவற்றையும் கட்டாதீர்கள். விடியுமுன் குழித்துறையில் ரயிலேறி, இருட்டியபின் வீடு திரும்பும் மகளுக்கும் ஒருநாள் தூக்கம் வேண்டும். அடுத்த தடவை நீங்கள் போங்கள்.