கல்லறை இல்லாத விமானப்படை வீரருக்குக் கடலோர அஞ்சலி

முதலில் பெயரைச் சரிபாருங்கள். இரண்டாம் உலகப் போரில் தெற்காசியக் கடல்களின் மேல் பறந்து, உடல் கிடைக்காமல் போன விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகத்தில், 24,000-க்கும் மேற்பட்ட பெயர்களுக்கிடையே பொறிக்கப்பட்டுள்ளன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடி, பதவி, படை எண், இறந்த நாள், தூண் எண் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். தலைப்பெழுத்து இடம் மாறியிருக்கலாம். படை எண்ணை வைத்து ஒப்பிடுங்கள்.

அஞ்சலிக்குத் தனுஷ்கோடி பொருத்தம். போர்வீரர் நினைவு நாளான நவம்பர் 11 என்றால் வாடைக்காற்று. வடக்கே பெண்கடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், விட்ட பூ கரைக்கே திரும்பும். தெற்கே ஆண்கடல் பக்கம், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், போங்கள். ஆனி, ஆடியில் நேர்மாறு. வாழைநாரில் கட்டிய ஒரு முழம் போதும். நைலான் நூலில் ஆமை சிக்கும். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் நீரோட்டம் பொல்லாதது, கணுக்காலுக்கு மேல் இறங்காதீர்கள். பெயரை உரக்கப் படியுங்கள், முழுப் பெயராக.