படிவத்திலிருந்து வரும் % குறிகளை எழுத்தாக மாற்றுவது எப்படி? பைத்தானில் படிப்படியாக

இணையப் படிவம் ஒன்றில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. முதல் கட்டத்தில் ஒருவர் "5+3 = 8" என்று தட்டுகிறார். இரண்டாவதில் "அ & ஆ". அனுப்பு பொத்தானை அழுத்தியதும் சர்வருக்கு வந்து சேர்வது இதுதான்:

1=5%2பி3+%3டி+8&2=%ஈ0%ஏஈ%85+%26+%ஈ0%ஏஈ%86

இதில் 1, 2 என்பவை கட்டங்களின் பெயர்கள். பிரௌசர் இடைவெளியை + ஆகவும், சிறப்புக் குறிகளையும் தமிழ் எழுத்துகளையும் % போட்ட ஹெக்ஸ் எண்களாகவும் மாற்றி அனுப்பியிருக்கிறது. ஹெக்ஸ் (16-ஐ அடியாகக் கொண்ட) எண்ணில் 10 முதல் 15 வரை குறிக்கும் ஆறு எழுத்துகளை ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்று எழுதியிருக்கிறேன்.

இதைப் பழையபடி எழுத்தாக்கும் நிரலை நாமே எழுதிப் பார்ப்போம். பைத்தானில் இதற்குத் தயாராகவே ஃபங்ஷன் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனாலும் ஒருமுறையாவது கையால் எழுதிவிடுங்கள். இந்த வேலையில் எந்தப் படியும் கடினமில்லை. படிகளை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதில்தான் தவறு நுழைகிறது.

முதல் படி: பிரிப்பது

டீகோட் செய்வதற்கு, அதாவது + மற்றும் % குறிகளைப் பழைய எழுத்தாக்குவதற்கு, முன்பே பிரித்துவிட வேண்டும். & வரும் இடத்தில் ஸ்ட்ரிங்கை வெட்டுங்கள், இரண்டு துண்டு கிடைக்கும். பிறகு ஒவ்வொரு துண்டையும் முதலில் வரும் = குறியில் மட்டும் வெட்டுங்கள். பைத்தானின் பார்ட்டிஷன் இதற்குக் கச்சிதம்.

அவசரப்பட்டு முழு வரியையும் முதலில் டீகோட் செய்தால் என்ன ஆகும்? "1=5+3 = 8&2=அ & ஆ" என்று கிடைக்கும். இப்போது எந்த & கட்டங்களைப் பிரிப்பது, எந்த & பயனர் தட்டியது? கண்டுபிடிக்க வழியே இல்லை. பயனர் தட்டிய & குறியை பிரௌசர் %26 ஆக மாற்றி அனுப்பியதே இந்தக் குழப்பம் வரக்கூடாது என்பதற்காகத்தான்.

இரண்டாம் படி: கூட்டல் குறியை இடைவெளியாக்குவது

துண்டில் இருக்கும் + எல்லாவற்றையும் இடைவெளியாக மாற்றுங்கள். ரீப்ளேஸ் போதும். % பக்கம் போவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். %2பி என்பது 2×16+11, அதாவது 43. அது நிஜக் கூட்டல் குறியின் எண். % வேலையை முதலில் செய்துவிட்டால் அந்த நிஜக் கூட்டலும் இடைவெளியாகிப் போய் "5 3 = 8" என்று வந்து நிற்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது, கணக்கு மட்டும் கெட்டுவிடும்.

மூன்றாம் படி: % குறியை பைட் ஆக்குவது

கவனியுங்கள், எழுத்து ஆக்குவது அல்ல, பைட் (0 முதல் 255 வரையிலான ஓர் எண்) ஆக்குவது. நிரலின் போக்கு இப்படி இருக்கும்:

பைட்டுகள் = காலிப் பட்டியல், இடம் = 0
இடம் கடைசியைத் தாண்டாதவரை:
    இங்கே % இருந்து, அடுத்த இரண்டும் ஹெக்ஸ் என்றால்:
        அந்த இரண்டையும் எண்ணாக்கிப் பட்டியலில் சேர். இடத்தில் 3 கூட்டு
    இல்லையென்றால்:
        இருக்கும் எழுத்தையே பைட் ஆக்கிச் சேர். இடத்தில் 1 கூட்டு

பட்டியலுக்கு பைட்அரே, எண்ணாக்குவதற்கு இன்ட். இன்ட்டுக்கு இரண்டாவது மதிப்பாக 16 கொடுத்தால் ஹெக்ஸாகப் படிக்கும்.

ஒரு நுணுக்கம். யாரோ ஒழுங்காக என்கோட் செய்யாமல் "50%+5" என்று அனுப்பிவிட்டார்கள் என்று வையுங்கள். இரண்டாம் படிக்குப் பிறகு அது "50% 5". இப்போது % குறிக்கு அடுத்த இரண்டு இடங்களில் இருப்பது ஓர் இடைவெளியும் 5-ம். பைத்தானின் இன்ட் முன்னால் இருக்கும் இடைவெளியைக் கண்டுகொள்ளாது. சத்தமில்லாமல் 5 என்று விடை தந்துவிடும். அதனால் பிழை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்ட்டை நம்பாதீர்கள். இரண்டும் ஹெக்ஸ் குறிகள்தானா என்று நீங்களே சோதித்துவிட்டு, இல்லையென்றால் % குறியை அப்படியே விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: பைட்டுகளை எழுத்தாக்குவது

இரண்டாவது கட்டத்தின் முதல் மூன்று பைட்டுகள் 224, 174, 133. மூன்றும் சேர்ந்ததுதான் 'அ'. எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் முதல் பைட் 224 முதல் 239-க்குள் இருந்தால் மூன்று பைட்டில் ஓர் எழுத்து என்று பொருள். முதல் பைட்டிலிருந்து 224-ஐயும், மற்ற இரண்டிலிருந்து 128-ஐயும் கழித்தால் 0, 46, 5. பிறகு 0×4096 + 46×64 + 5 = 2949. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் 'அ'வின் எண் அதுவேதான். காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள், அப்புறம் மறக்காது.

இந்தக் கணக்கை நிரலில் எழுதத் தேவையில்லை. பைட்அரே முழுவதும் நிரம்பிய பிறகு, கடைசியில் ஒரே ஒருமுறை யூடிஎஃப்-8 என்று சொல்லி டீகோட் செய்தால் போதும். நான் முதன்முதலில் எழுதியபோது ஒவ்வொரு பைட்டையும் உடனுக்குடன் எழுத்தாக மாற்றினேன். ஆங்கிலம் எல்லாம் சரியாக வந்தது, தமிழ்ப் பெயர்கள் மட்டும் ® குறிகள் அடுக்கடுக்காக நிற்கும் குப்பையாக வந்தன. 174 என்ற பைட்டைத் தனியாக எழுத்தாக்கினால் ® தான் வரும். 'அ' முதல் 'ா' வரை எல்லாத் தமிழ் எழுத்துக்கும் நடு பைட் அதுதான். இனி எங்காவது ® குவியலைப் பார்த்தால் முதலில் இந்தப் படியைச் சந்தேகப்படுங்கள்.

தயார் ஃபங்ஷன்கள்

பைத்தானின் யூஆர்எல்லிப் தொகுப்பில் உள்ள அன்குவோட் பிளஸ் இரண்டு, மூன்று, நான்காம் படிகளைச் செய்யும். பார்ஸ் கியூஎஸ் பிரிப்பதையும் சேர்த்தே செய்யும், ஆனால் காலியாக விட்ட கட்டங்களை வழக்கமாகத் தூக்கிப் போட்டுவிடும். அவையும் வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டில் டீகோட் யூஆர்ஐ கம்போனென்ட் + குறியைத் தொடாது. பிஎச்பியில் யூஆர்எல்டீகோட் அதை இடைவெளியாக்கும், ராயூஆர்எல்டீகோட் ஆக்காது.

டீகோட் செய்வது ஒருமுறைதான். பல இணையக் கட்டமைப்புகள் உங்கள் கைக்கு வருமுன்பே டீகோட் செய்துவிடும். அதன்மேல் நீங்களும் ஒருமுறை செய்தால் பயனர் தட்டியது மாறிவிடும்.

நிரல் தயாரானதும் மூன்றைக் கொடுத்துப் பாருங்கள். %2526 என்று கொடுத்தால் %26 என்று வர வேண்டும்; & வந்தால் எங்கோ இரண்டு முறை ஓடுகிறது. "50%" என்று கொடுத்தால் அப்படியே திரும்ப வர வேண்டும். பல வரி எழுதும் பெட்டியிலிருந்து ஓர் 'என்டர்' அனுப்பினால் %0டி%0ஏ என்று 13, 10 ஆகிய இரண்டு பைட்டுகள் வரும்; உங்கள் நிரல் ஒரே வரி முறிவை எதிர்பார்க்கிறது என்றால் அந்த 13-ஐ நீக்கிவிடுங்கள்.