வரையும் சார்க்கோலை வகுப்புக்கு நாமே சுட்டுக்கொள்வது எப்படி?

ஒரு பீரியடுக்கு ஒரு பெட்டி சார்க்கோல் போதாது. பாதி கீழே விழுந்து உடையும், கொஞ்சம் சட்டைப்பைக்குள் போகும், மிச்சத்தில் பின் பெஞ்சுக்காரர்கள் ஒருவருக்கொருவர் மீசை வரைந்து தீர்ப்பார்கள். காசு கொடுத்து வாங்கிக் கட்டுப்படியாகாது. அதுவும் கரிமூட்டத்துக்குப் பேர்போன ராமநாதபுரம் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, கரிக்குச்சிக்காக மதுரைக்கு ஆள் அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. மண்டபம் பக்கத்துக் கடலோரப் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். எங்களுக்கு வேண்டியதை மைதானத்து ஓரத்திலேயே பால் பவுடர் டின்னில் சுட்டுக்கொள்கிறோம். மற்ற ஓவிய ஆசிரியர்கள் கேட்டதால் முறையை இங்கே எழுதி வைக்கிறேன். கூடவே வகுப்பில் நான் கைவிடாத சில சாமான்களும்.

எந்தக் குச்சி

முதலில் ஒரு ஆசையை விட்டுவிடுங்கள். சாயல்குடி, கடலாடி, முதுகுளத்தூர் பக்கம் மூட்டம் போட்டு லாரி லாரியாக ஏற்றுகிறார்களே, அந்தச் சீமைக்கருவேலங் கரி வரைவதற்கு ஆகாது. அடுப்புக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் மரம் கனம், கரியும் கெட்டி. தாளில் இழுத்தால் கோட்டைவிடக் கீறல்தான் அதிகம் விழும்.

என் ஓட்டு புளியங்குச்சிக்கு. காளஹஸ்தி கலம்காரிக்காரர்கள் துணியில் முதல் கோட்டைப் போடுவதே சுட்ட புளியங்குச்சியால்தான். முனை நிற்கும், கோடு சீராக விழும், தப்பாகப் போனால் தட்டிவிட்டால் உதிரும். பூவரசங் கிளையும் நல்லது, கடலோரத்தில் தேடி அலைய வேண்டாம். பருத்திமார், அதாவது பஞ்செடுத்து முடிந்த பருத்திச் செடியின் காய்ந்த குச்சி, கிடைத்தால் விடாதீர்கள். புளியைவிட மெத்தென்று இருக்கும், நிழல் பூசுவதற்குத் தோது.

இன்னொன்று மிளகாய்ச் செடித் தண்டு. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே செடிதான். வற்றல் பறித்து முடிந்த பிறகு காட்டில் காய்ந்து நிற்கும். கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். கிளை கிளையாகப் போவதால் அடித்தண்டு மட்டும்தான் நமக்கு உதவும். ஒரு எச்சரிக்கை: தண்டில் ஒரே ஒரு வற்றல் ஒட்டிக்கொண்டிருந்தாலும் போச்சு, தெருவே இருமும்.

முருங்கை வேண்டாம். கை பட்டாலே தூள்.

பென்சில் கனம், அல்லது அதைவிடக் கொஞ்சம் கூட இருக்கலாம். சுட்ட பிறகு சுருங்கும். பச்சையாக இருக்கும்போதே பட்டையை உரித்துவிடுங்கள், காய்ந்த பிறகு உரிக்க உட்கார்ந்தால் நகம்தான் போகும். நேரான குச்சிகளாகப் பார்த்துக் கட்டாகக் கட்டி நிழலில் போடுங்கள். வளைத்தால் 'பட்' என்று ஒடிய வேண்டும். அதுவரை பொறுங்கள்.

டின்

இறுக்கமான மூடி உள்ள தகர டின் எதுவும் சரி. நான் பால் பவுடர் டின்தான் வைத்திருக்கிறேன். அலுமினியம் வேண்டாம், தீயில் தளர்ந்துவிடும். புது டின்னின் உள்பூச்சு எரியும்போது நாற்றமடிக்கும். அதனால் முதல் தடவை காலி டின்னையே தீயில் போட்டு எடுங்கள், பிள்ளைகள் இல்லாத நேரத்தில்.

மூடியின் நடுவில் ஒரு ஆணித் துளை. ஒன்றே ஒன்று.

இந்தத் துளையில்தான் எல்லாமே இருக்கிறது, அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நாம் குச்சியை எரிக்கப் போவதில்லை. காற்றில்லாமல் சூடாக்கப் போகிறோம். சூடேறும்போது குச்சியிலிருந்து முதலில் நீராவி வெளியேறும், பிறகு தாரும் எரியக்கூடிய வாயுக்களும் வரும். இவையெல்லாம் போக மிஞ்சுவதுதான் கரி. அந்த வாயு வெளியே போக வழி வேண்டும். துளையே இல்லையென்றால் அழுத்தம் ஏறி மூடி தெறிக்கும், அது ஆபத்து. 'சரி, காற்றோட்டமாக இருக்கட்டும்' என்று நாலு துளை போட்டாலும் கெட்டது. வாயு வரத்து குறைந்ததும் அதே துளைகள் வழியாக வெளிக்காற்று உள்ளே நுழைந்து, பாடுபட்டு அடுக்கிய குச்சியெல்லாம் சாம்பலாகிவிடும். டின்னைத் திறந்தால் ஒரு கைப்பிடி வெள்ளைத்தூள் இருக்கும். ஒற்றை ஆணித் துளையில் அந்த வம்பு இல்லை. வாயு வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை காற்று உள்ளே வராது.

அடுக்குவது

குச்சிகளை டின் உயரத்துக்கு ஒரு விரல் குறைவாக நறுக்கிச் செங்குத்தாக நிறுத்துங்கள். ஆடக்கூடாது, அவ்வளவு நெருக்கம் வேண்டும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள், நம்மைவிட அவர்கள் நெருக்கமாக அடுக்குவார்கள். இடுக்குகளில் காய்ந்த ஆற்று மணலைக் கொட்டிக் குலுக்கினால் குச்சி வளையாமல் வரும், உள்ளே இருக்கும் காற்றும் குறையும். கடற்கரை மணலை அள்ளிப் போடாதீர்கள். உப்பு டின்னைச் சீக்கிரம் அரித்துவிடும்.

மூடியைப் போட்டுக் கட்டுக்கம்பியால் சிலுவையாகக் கட்டுங்கள். மூடி விளிம்பைச் சுற்றிக் கண்மாய்க் களிமண்ணைப் பிசைந்து பூசுங்கள். துளையை மட்டும் அடைத்துவிட வேண்டாம்.

தீ

தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஓலைக் கொட்டகை, ஓலை வேலி இல்லாத இடமாகப் பாருங்கள். ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். தீப் பக்கம் நீங்கள் மட்டும், பிள்ளைகள் எட்ட நிற்கட்டும்.

மண்ணில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டுங்கள். அடியில் இரண்டு செங்கல், அதன்மேல் மூடி மேலே பார்க்கும்படி டின், சுற்றிலும் விறகு. நம் சீமைக்கருவேலத்துக்கு இங்கேதான் வேலை. அதைப்போல நின்று எரியும் விறகு கிடையாது. முள்ளை மட்டும் வெட்டிவிட்டு அடுக்குங்கள்.

குழி எதற்கு என்று கேட்டால், காற்றுக்குத்தான். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தரையில் தீ மூட்டினால் சுவாலை படுத்துக்கொண்டு டின்னின் ஒரு பக்கத்தை மட்டும் சுடும். ஒரு பக்கம் வெந்து, மறுபக்கம் பழுப்பாக நிற்கும். அந்த மாதங்களில் குழியோடு தென்மேற்கு மூலையில் செங்கல் தடுப்பும் வையுங்கள். வெயில் ஏறி கடல்காற்று வலுப்பதற்கு முன், காலையிலேயே பற்றவைத்துவிடுவது உத்தமம்.

பற்றவைத்த பிறகு கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், துளையைப் பாருங்கள். முதலில் வெள்ளையாக ஆவி வரும். அப்புறம் மஞ்சளாக, கனமாக, கண்ணைக் கரிக்கும் புகை. அதுவே சற்று நேரத்தில் தீப்பிடித்துத் துளையின்மேல் ஒரு சின்னச் சுடராக நிற்கும். பிள்ளைகள் கைதட்டும் இடம் இது. அந்தச் சுடர் மெல்லச் சிறுத்து, தானாக அணைந்து, புகையும் நின்றால் உள்ளே வெந்துவிட்டது என்று அர்த்தம். என் டின்னுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிறது. பெரிய டின் என்றால் கூடும்.

நீண்ட இடுக்கியால் டின்னை வெளியே எடுத்து, ஈரக் களிமண் உருண்டை ஒன்றைத் துளைமேல் அப்பி அடையுங்கள். அப்புறம் வீட்டுக்குப் போய்விடுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். மறுநாள் காலையில்தான் திறக்க வேண்டும். வெளியே தொட்டால் ஆறியதுபோல் இருக்கும், உள்ளே சூடு தங்கியிருக்கும். காற்று பட்ட நிமிடம் கரி கனன்று, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்து சாம்பலாகும். தண்ணீர் ஊற்றி ஆறவைக்கிற யோசனையும் வேண்டாம், குச்சி வெடித்துத் துண்டாகும்.

வெந்ததா என்று பார்ப்பது

சிமெண்ட் தரையில் ஒரு குச்சியை ஒரு சாண் உயரத்திலிருந்து போடுங்கள். கண்ணாடி வளையல் விழுந்ததுபோல் 'கிணிங்' என்று கேட்டால் நல்ல கரி. 'டொக்' என்றால் வேகவில்லை. ஒடித்துப் பார்த்தால் நடுவில் பழுப்பு தெரியும். அதைத் தூக்கி எறிய வேண்டாம், அடுத்த டின்னில் சேர்த்து மறுபடி சுட்டுக்கொள்ளலாம். தூளாகிப் போனதையும் எறியாதீர்கள். துணியில் முடிந்து வைத்தால் பெரிய இடத்துக்கு நிழல் ஒற்ற உதவும்.

முனை தீட்ட ஷார்ப்னர் கூடாது, உப்புத்தாள்தான். சின்னத் துண்டாக வெட்டி அட்டையில் ஒட்டி ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுங்கள்.

தாள், கணவாய் ஓடு, பன்

சார்ட் பேப்பரில் சார்க்கோல் ஒட்டாது. வழுவழுப்பில் கரி எங்கே நிற்கும்? சாணித்தாள் எவ்வளவோ மேல். மளிகைக் கடைக் காக்கித்தாள் இன்னும் மேல், அந்தப் பழுப்பே பாதி நிழல் வேலையைச் செய்துவிடும். வெளிச்சம் விழும் இடத்துக்குச் சுண்ணக்கட்டி தொட்டால் படம் எழுந்து நிற்கும்.

வழுவழுப்பான தாள்தான் கைவசம் இருக்கிறது என்றால் ஒரு வழி உண்டு. கரையில் ஒதுங்கும் கணவாய் மீனின் ஓட்டை எடுத்து, அதன் வெள்ளை மெத்தைப் பக்கத்தைச் சுரண்டித் தூளாக்கி, தாளில் தூவித் துணியால் வட்டமாகத் தேய்த்துத் தட்டிவிடுங்கள். எண்ணெய்ப் பசை போய்ச் சொரசொரப்பு வரும். ஐரோப்பாவில் மைக்கூட்டுக் காலத்து எழுத்தர்கள் இதே ஓட்டுத் தூளைத்தான் தோலிலும் தாளிலும் தேய்த்திருக்கிறார்கள். கடல் நுரை என்று நாட்டு மருந்துக் கடையில் விற்பதும் இதுவே. நமக்குக் கரையிலேயே கிடைக்கிறது.

கரையில் பொறுக்குவது பற்றி ஒன்று. கணவாய் ஓடு சரி. பவளப்பாறைத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை இவற்றை 'மாடலுக்கு' என்று பிள்ளைகள் கொண்டுவந்தால் வாங்கி வைக்காதீர்கள். இவை 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா வேறு.

அழிப்பதற்கு ரப்பர் வேண்டாம், தேய்த்தால் கரி பரவும். பன்னின் உள்ளே இருக்கும் மெத்தையைப் பிய்த்து உருட்டி, ஒற்றி ஒற்றி எடுங்கள். ரப்பர் வருவதற்கு முன் ஐரோப்பாவில் ரொட்டியால்தான் அழித்துக்கொண்டிருந்தார்கள். சாதா பன்னாக வாங்குங்கள், வெண்ணெய் தடவியது தாளில் கறை வைக்கும். பிள்ளைகள் அழிப்பானைத் தின்றுவிடுகிறார்கள் என்பதுதான் இதில் உள்ள ஒரே சிக்கல். ஆளுக்கு அரைப் பன் கூடுதலாக வாங்கினால் தீர்ந்தது.

மாடலுக்கு என்ன வைப்பது

பழமும் பூச்சாடியும் எனக்குச் சலித்துவிட்டது. கருவாடு வையுங்கள். அழுகாது, அசையாது, செதிலும் வரியும் எலும்பும் தெளிவாகத் தெரியும். முழு மீனாகக் காய்ந்த காரலும் நெத்திலியும் சின்ன வகுப்புக்கு, சீலா பெரிய வகுப்புக்கு. ஒரு தடவை பாறை மீன் வரைந்து காட்டிக்கொண்டிருந்தபோது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான். "சார், வாலுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் முள்ளு முள்ளா வரிசை வரும் சார். நீங்க வழவழன்னு போட்டிருக்கீங்க. கையில பிடிச்சா அறுக்கும்." நான் கரியை அவன் கையில் கொடுத்தேன். பலகையில் அவன் போட்ட அந்த ஒரு வரிசைக்குப் பிறகுதான் அது பாறையாகத் தெரிந்தது. அன்றிலிருந்து மீன் பாடத்துக்கு முதல் கோடு பிள்ளைகளுடையது.

கோடு எப்படி ஓடவேண்டும் என்று காட்ட, முடிந்தால் ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்துக்குக் கூட்டிப் போங்கள். சேதுபதிகள் காலத்துச் சுவரோவியங்களில் உருவங்களைச் சுற்றி ஓடும் வரிக்கோடுகளைப் பிள்ளைகள் பார்க்கட்டும். விரலால் காற்றில் வரையட்டும், சுவரைத் தொட விடாதீர்கள்.

பிற்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

'வரைந்த படம் கையில் ஒட்டுகிறதே' என்று பலர் கேட்டுவிட்டார்கள். கரியைத் தாளில் ஒட்டவைக்கக் கடையில் விற்கும் ஃபிக்ஸேட்டிவ் விலை அதிகம். ஹேர் ஸ்பிரே வேலை செய்யும். வெளியே வைத்து, ஒரு முழம் தள்ளிப் பிடித்து லேசாக அடியுங்கள். கஞ்சித் தண்ணீர் தெளிக்கலாமா என்றால் தெளிக்கலாம், ஆனால் நம் பக்கத்து ஈரப்பதத்தில் பூஞ்சணம் பூக்கும், கரப்பானும் வரும். நான் கண்காட்சிக்குப் போகும் படங்களுக்கு மட்டும் ஸ்பிரே, மற்றவற்றுக்கு இடையில் பழைய செய்தித்தாள்.

சாயல்குடிப் பக்கத்து ஆசிரியை ஒருவர், குச்சி பாதிக்கு மேல் வளைந்து வந்ததாக எழுதியிருந்தார். விசாரித்ததில் மணல் போடவில்லை, அடுக்கும் தளர்வாக இருந்திருக்கிறது. மணல் போட்ட பிறகு சரியாகிவிட்டது என்றார்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரி நமுத்துப் போவது இன்னொரு புகார். கரி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கோடு வெளிறும். அன்றாடப் புழக்கத்துக்கு நான் ஓலைக் கொட்டானில் போட்டு வைப்பது வழக்கம், மழைக் காலத்தில் அது உதவாது. மூடி இறுகிய பிஸ்கட் டின்னுக்கு மாற்றிவிடுங்கள். நமுத்ததை வெறும் தோசைக்கல்லில், அடுப்பை அணைத்த பிறகு இருக்கும் சூட்டில் பரப்பி வைத்தால் தேறிவிடும். எரியும் அடுப்பின்மேல் வைக்காதீர்கள், ஓரம் பற்றிக்கொள்ளும். வீட்டுத் தோசைக்கல்லை எடுக்கும் முன் வீட்டில் கேட்டுக்கொள்வது உங்கள் பொறுப்பு.