உப்புத் தண்ணீரில் விழுந்த போனைக் கழுவிக் காப்பாற்றுவது எப்படி

மாசி மகத்தன்று கடலூர் தேவனாம்பட்டினத்தில் தீர்த்தவாரிக்குப் போன என் சித்தப்பா, சட்டைப் பையில் கீபேட் போன் இருப்பதையே மறந்து கடலில் மூன்று முழுக்குப் போட்டுவிட்டார். கரையேறியதும் எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார், சிவப்பு பட்டனை அழுத்திப் பார்த்தார். திரையில் ஒரு நொடி வெளிச்சம் வந்து போனதாம். நான் மஞ்சக்குப்பத்தில் அவர் வீட்டுக்குப் போனபோது போன் அரிசி டப்பாவுக்குள் இருந்தது, அது சித்தியின் ஏற்பாடு. நான் அதை வெளியே எடுத்து, பேட்டரியைக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவினேன். சித்தி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

ஏன் கழுவினேன் என்று சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். தண்ணீர் பட்டவுடனே போன் செத்துவிடுவதில்லை. தண்ணீர், அதில் கரைந்த உப்பு, பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம், இந்த மூன்றும் ஒரே இடத்தில் கூடினால்தான் வினை. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது, 3.7 வோல்ட் பேட்டரியே போதும், போனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டில் முடியை விட மெல்லியதாக ஓடும் செம்புக் கோடுகள் அரிக்க ஆரம்பித்துவிடும். செம்புக் குடத்தில் பச்சையாகப் பூக்குமே களிம்பு, அதே சங்கதிதான், ஆனால் கரண்ட் ஓடினால் பல மடங்கு வேகமாக நடக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டால் அந்த வேகம் அடங்கிவிடும். அரிசியில் போட்டால் என்ன ஆகும்? ஈரம் மெதுவாகக் காயும், உப்பு உள்ளேயே தங்கும். மழைக்காலத்தில் நம் ஊரில் உப்பு ஜாடி தானாகக் கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். போனுக்குள் தங்கிய உப்பும் அப்படித்தான், காற்றிலிருந்து ஈரத்தை மறுபடி இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் பல போன்கள் ஒரு வாரம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் படுக்கின்றன. அரிசித் தூள் சார்ஜ் துளைக்குள் போய் அடைத்துக்கொள்வது தனித் தொல்லை, ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் அரிசிப் பையில் போடாதீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். பேட்டரியைக் கையால் கழற்ற முடிகிற கீபேட் போனை வைத்துச் சொல்கிறேன், கற்றுக்கொள்ள அதுதான் தோது.

முதல் வேலை, எதையும் அழுத்தாமல் இருப்பது. சார்ஜில் இருக்கும்போது நனைந்திருந்தால் போனைத் தொடாமல் முதலில் சுவிட்சை அணையுங்கள், கை ஈரமாக இருந்தால் மெயின் சுவிட்சுக்கே போங்கள். அப்புறம் பின் மூடி, பேட்டரி, சிம், மெமரி கார்டு எல்லாவற்றையும் கழற்றி ஒரு துணியில் தனித்தனியாக வையுங்கள்.

இரண்டாவது, பேட்டரியைப் பாருங்கள். ஒரு கண்ணாடி மேல் படுக்க வைத்து ஓரத்தை விரலால் லேசாகச் சுண்டினால், நல்ல பேட்டரி நின்ற இடத்தில் நிற்கும், வீங்கிய பேட்டரி பம்பரம் போலச் சுற்றும். சுற்றினால் அதோடு அதை மறந்துவிடுங்கள், குத்திப் பார்க்க வேண்டாம், வீட்டுக் குப்பையிலும் போட வேண்டாம். கடல் நீரில் முழுகிய பேட்டரி என்றால் வீங்காவிட்டாலும் நான் புதிதுதான் வாங்குவேன். தீப்பிடித்தால் என்ன செய்வது, போனை விட வீடு பெரிது.

மூன்றாவது, திறப்பது. பின்பக்கம் நாலு அல்லது ஆறு திருகாணிகள் இருக்கும். ஒரு வெள்ளைத் தாளில் போனின் வடிவத்தை வரைந்து, எந்தத் திருகாணி எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தில் செலோ டேப் போட்டு ஒட்டுங்கள். இதைச் செய்யாமல் ஒரு நீளத் திருகாணியைக் குட்டைத் துளையில் முறுக்கி ஒரு திரையையே உடைத்தவன் நான். மேல் ஓட்டைப் பிரிக்க ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பழைய ஏடிஎம் கார்டின் ஓரம் போதும், டக் டக்கென்று விட்டுக்கொடுக்கும். திரையையும் போர்டையும் இணைக்கும் பட்டை வயர் ஒன்று இருக்கும், அதை இழுக்காதீர்கள்.

நாலாவதுதான் கழுவுவது. இதற்குப் பேட்டரி வாட்டர் வாங்குங்கள், இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர்தான், ஆசிட் கலந்தது அல்ல, லேபிளைப் பார்த்து வாங்குங்கள். கடற்கரையிலேயே மாட்டிக்கொண்டால் குடிக்கிற பாட்டில் தண்ணீரும் ஆபத்துக்குப் பாவமில்லை. போர் தண்ணீர் கடைசிக்குக் கடைசி, நம் பக்கம் அது வாளி ஓரத்தில் படிகிற வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். திரை, கேமரா, ஸ்பீக்கர் பக்கம் தண்ணீர் போகாமல், போர்டை மட்டும் சாய்த்துப் பிடித்து ஊற்றி, மிருதுவான டூத் பிரஷ்ஷால் ஒரே திசையில் தள்ளுங்கள். சித்தப்பா போனில் சார்ஜ் பின்னைச் சுற்றி வெள்ளைப் பொடி, அதன் நடுவில் கடுகளவு பச்சை, அதற்குள்ளேயே வந்திருந்தது, கடலில் இறங்கி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. பட்டன்களுக்கு அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் அதற்குக் கீழே இன்னும் ஈரம். போர்டின் மேலுள்ள தகர மூடிகளின் அடியிலும் தண்ணீர் ஒளிந்துகொள்ளும்.

அடுத்து போர்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைக்க வேண்டும். மொபைல் ஸ்பேர் விற்கிற கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கொடுப்பார்கள், 99 சதவீதம் என்று போட்டிருப்பதே வேண்டும். இது மிச்சத் தண்ணீரைத் தன்னோடு கலந்துகொண்டு சீக்கிரம் பறந்துவிடும். கை கழுவுகிற சானிடைசர் இதற்கு ஆகாது, அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கின்றன. ஐபிஏ சட்டென்று தீப்பிடிக்கும் சரக்கு, ஆகவே அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

அப்புறம் காய வைப்பது. ஹேர் டிரையர், மொட்டை மாடி வெயில், அடுப்பு மேடை மூன்றும் வேண்டாம், பசை இளகும், பிளாஸ்டிக் கோணும். ஃபேன் காற்று போதும். ஐப்பசி கார்த்திகையில் நம் காற்றே நனைந்த துணி மாதிரி இருப்பதால், ஏசி அறை இருந்தால் அங்கே வையுங்கள், ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடும். ஐபிஏ போட்டுத் துடைத்தது ஒரு நாள், போடாதது மூன்று நாள் என்பது என் கணக்கு.

பேட்டரி கழற்ற முடியாத ஸ்மார்ட்போன் என்றால் புதிதாகப் பழகுகிறவர்கள் திறக்கவே வேண்டாம். ஆனில் இருந்தால் அணையுங்கள், சிம் டிரேயை உருவுங்கள், சார்ஜ் துளை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள், அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோய் “கடல் தண்ணி” என்று தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வெறுமனே சூடு காட்டிக் கொடுத்துவிடுவார்கள், எனக்கே ஒரு கடையில் அப்படி நடந்தது. தண்ணீர் தாங்கும் என்பதற்கான ஐபி68 குறி பெட்டியில் போட்டிருக்கிறதே என்பவர்களுக்கு ஒன்று, அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. புளூடூத் இயர்போன் நனைந்தால் துடைத்துவிட்டு அதன் டப்பாவில் போட்டு மூடுவது நம் பழக்கம், டப்பாவில் வைத்த மறு நொடியே சார்ஜ் ஏறத் தொடங்கும், ஆகவே வெளியிலேயே காயட்டும். டிவி ரிமோட் சுலபம், ரப்பரைச் சோப்புப் போட்டே கழுவலாம், மாட்டிய பிறகு வேலை செய்கிறதா என்று பார்க்க, போனின் செல்ஃபி கேமராவுக்கு நேரே பிடித்து அழுத்தினால் போன் திரையில் ரிமோட்டின் நுனியில் ஒளி மினுக்கும்.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது பலருக்கு வீட்டுக்குள்ளேயே வெள்ளம். அந்தத் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கும், கையுறை போடாமல் பிரிக்காதீர்கள். நனைந்த சார்ஜர், யுபிஎஸ், மிக்ஸி எல்லாம் இந்தப் பாடத்தில் சேராது, 230 வோல்ட் விளையாட்டு வேண்டாம்.

காய்ந்ததும் சிம் போடாமல் பேட்டரியை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். சூடானால் உடனே கழற்றுங்கள். உயிர் வந்தால் முதலில் எண்களையும் படங்களையும் வேறு இடத்துக்கு நகலெடுங்கள், எத்தனை நாள் ஓடும் என்று போனுக்கே தெரியாது. இரண்டு நாள் கழித்துப் புது பேட்டரி போட்டு ஆன் செய்தபோது சித்தப்பா கேட்டது ஒன்றுதான், “நம்பரெல்லாம் இருக்கா?” இருந்தது. 5 மட்டும் இன்னும் நாலு தடவை அழுத்தினால்தான் விழுகிறது.