மீன் வறுவலுக்கு எந்த ஸ்பெயின் ஒயின்?

பாண்டில ஸ்பெயின் பாட்டில் கண்ல பட்டா மொதல்ல லேபிள்ல ஊர் பேர பாருங்க, வெலையெல்லாம் அப்புறம். ரியாஸ் பைஷாஸ்னு இருந்தா ஸ்பெயினோட வடமேற்குல இருக்கற கலிசியா கடலோரத்து வெள்ளை ஒயின், அநேகமா அல்பரிஞ்ஞோ திராட்சை, புளிப்பு தூக்கலா இருக்கும், வஞ்சிரம் வறுவலுக்கு எலுமிச்ச புழிஞ்ச மாதிரி சேந்துக்கும், ஆனா 8-10 டிகிரி குளிர்ச்சி வேணும், நம்மூர் வெயில்ல மேசைல வெச்சா சூடாயிடும், அதனால ஐஸ் தண்ணி வாளில கழுத்து வரைக்கும் முக்கி வைங்க.

ரியோஹானு இருந்தா அது இன்னொரு ஸ்பெயின் பகுதி, அங்க செவப்பு ஒயின் பாட்டில்ல கிரியான்சானு போட்டிருந்தா 2 வருஷம் பக்குவப்படுத்தினது, அதுல 1 வருஷமாவது ஓக் பீப்பாய்ல. காரமான மீன் கொழம்போட இத குடிச்சா துவர்ப்பும் காரமும் சேந்து நாக்க பதம் பாத்துடும், வேணாம். மொளகா கம்மியா போட்ட மட்டன் சுக்காவுக்கு சூப்பர். இதையும் லேசா குளுர வைங்க, ரூம் டெம்பரேச்சர்ங்கறதெல்லாம் அவங்க ஊர் ரூமுக்கு. மிச்சத்த கார்க் போட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சா ரெண்டு மூணு நாள் தாங்கும்.